ஓவர்கிளாக் செய்ய 4,500 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் இங்கேயே ஒருவரிடம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். இன்டெல் ஐ5-12400எஃப், பி660 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை கேபினெட்டோடு சேர்ந்தே வந்தது. இப்போது ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றினால், மெதுவாக இருக்கிறது. சில நாள் பாதியில் சட்டென்று அணைந்து தானாக ஆன் ஆகிறது. அசெம்பிள் செய்தவரைக் கேட்டால், "ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்தால் சரியாகிவிடும், 4,500 ரூபாய் ஆகும். இல்லையென்றால் பழைய ஐ9-13900கே ஒன்று இருக்கிறது, மாற்றித் தருகிறேன்" என்கிறார். எரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உள்ளே எடுத்த படங்களையும் அவர் கொடுத்த பில்லையும் அனுப்பியிருக்கிறேன். - ஒரு தாய், கரூர்.

பதில்: அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். ஓவர்கிளாக் செய்து எதுவும் எரியப்போவதில்லை, ஏனென்றால் உங்கள் கம்ப்யூட்டரில் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்யவே முடியாது. அந்த 4,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

ஓவர்கிளாக் என்றால், கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ப்ராசஸரை ஓட்டுவது. ஒரு அடிப்படைத் துடிப்பு இருக்கும், 100 மெகாஹெர்ட்ஸ். அதை ஒரு எண்ணால் பெருக்கினால் வருவது வேகம். 44ஆல் பெருக்கினால் 4.4 கிகாஹெர்ட்ஸ். அந்தப் பெருக்கும் எண்ணைக் கூட்டுவதுதான் இன்று ஓவர்கிளாக் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது. இன்டெல் அந்த எண்ணைப் பூட்டியே விற்கிறது. பொதுவாகப் பெயரில் எண்ணுக்குப் பின்னால் 'கே' இருந்தால்தான் பூட்டு இல்லை. உங்களுடையதில் 'எஃப்' என்று இருக்கிறது. உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். 'கே' ப்ராசஸர் இருந்தாலும் 'இசட்' வரிசை மதர்போர்டு வேண்டும், உங்களுடையது 'பி'. ஆக, இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது.

ஒரு காலத்தில் இதில் உண்மையாகவே லாபம் இருந்தது. 1998இல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவான ப்ராசஸரை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்கு ஏற்றி ஓட்டியவர்கள் ஏராளம். அந்தப் பெயரை வைத்துத்தான் இன்னும் காசு பார்க்கிறார்கள். இப்போது கம்பெனியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. உங்கள் மகனின் ப்ராசஸரின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், வேலை வந்தால் அதுவாகவே 4.4 வரை ஏறும். அதற்கு மேல் பிழிய வேண்டுமானால் வோல்டேஜைக் கூட்ட வேண்டும். வோல்டேஜைப் பத்து சதவீதம் கூட்டினால் சூடு 21 சதவீதம் கூடும். மே மாதக் கரூரில் இது யாருக்கு வேண்டும்?

அப்படியானால் அவர் 4,500 ரூபாய்க்கு என்ன செய்வார்? என் ஊகத்தைச் சொல்கிறேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் பார்த்ததை வைத்துச் சொல்வது இது. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்கில் போய், எக்ஸ்எம்பி என்ற ஒன்றை ஆன் செய்வார். ஒரு நிமிட வேலை. உங்கள் மகனே செய்துகொள்ளலாம், செய்யவும் வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் ஓவர்கிளாக் என்ற பெயரில் நடக்கக்கூடியதும் நடக்க வேண்டியதும் இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரேம் பெட்டியில் 3200 என்று போட்டிருக்கும். ஆனால் மதர்போர்டில் சொருகியதும் பல ரேம்கள் 2133, 2400, 2666 என்று ஏதோ ஒரு குறைந்த வேகத்தில்தான் ஓடத் தொடங்கும். எக்ஸ்எம்பியை ஆன் செய்தால்தான் விலை கொடுத்த வேகம் கிடைக்கும். அசெம்பிள் செய்பவர்களில் பாதிப்பேர் இதைச் செய்யாமலே கொடுத்துவிடுகிறார்கள். சரிபார்க்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். திறக்கும் பெட்டியில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. வலது பக்கம் கீழே ஸ்பீட் என்று ஒரு எண் தெரியும். 3200 என்று இருந்தால் எதையும் தொட வேண்டாம்.

குறைவாக இருந்தால், கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போகவேண்டும். எக்ஸ்எம்பி என்ற இடத்தில் முதல் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்10 அழுத்தினால் முடிந்தது. ரேமுக்குப் போகும் வோல்டேஜ் 1.2இலிருந்து 1.35 ஆகும். இதற்கும் பயப்பட வேண்டாம். அந்த ரேம் அதற்கென்றே விற்கப்படுவது, 3200 வரை இந்த ப்ராசஸருக்கு இன்டெலே அனுமதித்த வேகம். முதல் தடவை திரை ஒன்றிரண்டு நிமிடம் கறுப்பாக நிற்கலாம், பதறி சுவிட்சை அணைக்கக் கூடாது. வெகுநேரம் வரவே இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ரேம் இரண்டு குச்சிகளாக இருந்து, போர்டில் நான்கு இடம் இருந்தால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாண வீடியோ, இன்னொரு முறை எடுக்க முடியாது.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் பாதியில் அணைவதற்கும் ப்ராசஸர் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. காரணம் நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கிறது. அதை விடுங்கள். கீழே சின்னக் கட்டத்தில் +12 வோல்ட் என்பதற்கு நேரே 18 ஆம்ப் என்று இருக்கிறது. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். கிராபிக்ஸ் கார்டு மட்டும் 170 வாட் கேட்கும். ப்ராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். மொத்தம் 287. ஃபேன், ஹார்ட் டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கில் சேரவில்லை. ரெண்டரில் இரண்டும் ஒரே நேரத்தில் உழைக்கும்போது எஸ்எம்பிஎஸ் கையை விரித்துவிடுகிறது, கம்ப்யூட்டர் அணைகிறது. இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கேபினெட்டோடு இலவசம் மாதிரி வருகிற எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கார்டைப் போட்டுக்கொடுத்தவர், உங்களிடம் வந்து ஓவர்கிளாக் பேசுகிறார்!

அதே படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. கார்டுக்கு வரவேண்டிய எட்டு பின் கேபிள் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் போகும் வெள்ளை நிற நான்கு பின் பிளக்குகள் இரண்டைச் சேர்த்து ஒரு ஒட்டு வயர் போட்டிருக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு மெஷினில் இதே வயரின் வெள்ளை பிளக் டீத்தூள் நிறத்துக்கு மாறி, உள்ளே பின்னோடு பின்னாக உருகி ஒட்டியிருந்தது. கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுத்தேன். எரியுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான். புது எஸ்எம்பிஎஸ் வரும்வரை ரெண்டர் போட வேண்டாம்.

அவர் கேட்ட பணத்துக்கே, ஏறக்குறைய, நல்ல கம்பெனி 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடலாம். பெட்டியில் உள்ள 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்; எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. 12 வோல்ட்டில் 45 ஆம்ப் பக்கம் இருக்கிறதா, எட்டு பின் கேபிள் சொந்தமாக இருக்கிறதா, குறைந்தது ஐந்து வருட வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? அப்படியென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெதுவாக இருப்பதற்கு ரேம் ஒரு காரணம் என்றால், சூடு இன்னொன்று. இந்த ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியோடு வந்த ஃபேனுக்கு நான்கு கால்கள் உண்டு, நான்கும் டக்கென்று சத்தத்தோடு இறங்கியிருக்க வேண்டும். ஒரு கால் தூக்கிக்கொண்டு இருப்பதை எத்தனையோ மெஷின்களில் பார்த்திருக்கிறேன். தூசியைத் தட்டி, ப்ராசஸருக்கும் ஃபேனுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்டினால் போதும்.

அப்புறம் அந்த ஐ9. வேண்டவே வேண்டாம். 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் வோல்டேஜ் அளவுக்கு மேல் ஏறி உள்ளே சேதமாகும் கோளாறு இருந்தது. 2024இல் இன்டெலே அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. எந்த வீட்டில், எந்தப் பயாஸில், எத்தனை மாதம் ஓடியது என்று தெரியாத ப்ராசஸரை ஏன் வாங்க வேண்டும்? உங்கள் போர்டில் அதையும் ஓவர்கிளாக் செய்ய முடியாது.

நீங்கள் அனுப்பியதில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அந்த பில். அது பில்லே இல்லை, எஸ்டிமேட் சீட்டு. "ஜிஎஸ்டி போட்டால் 18 சதவீதம் கூடும்" என்று சொல்லி இதைத்தான் எல்லோர் கையிலும் திணிக்கிறார்கள். சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றால், முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்புவார்கள். ப்ராசஸர் பெட்டியோடு வந்ததா, வெறும் தட்டில் வந்ததா என்றும் மகனைக் கேளுங்கள். பெட்டியில் வந்தால் இன்டெலின் மூன்று வருட வாரண்டி, அப்படியென்றால் இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருக்கிறது. 'ட்ரே' என்று விற்பதற்கு அந்த வாரண்டி கிடையாது, விற்றவரைத்தான் கேட்கவேண்டும்.

பில் கொடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில், தீர்க்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். வாய்தாவுக்கு வாய்தா நடக்க யாரால் முடியும்? பெட்டியில் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று அச்சடிக்கிற கம்பெனிகள், சின்ன ஊர்க்காரர்கள் பொருளைக் கோவைக்கோ சென்னைக்கோ கூரியர் போட்டுவிட்டு வாரக்கணக்கில் தொழில் இல்லாமல் காத்திருப்பதைப் பற்றி இன்றுவரை கவலைப்படவில்லை. அந்தத் தைரியத்தில்தான் எஸ்டிமேட் சீட்டுக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

ஆகவே எதற்கும் முன்னால் அவரிடம் போய், தேதி போட்டு, சீரியல் நம்பர்களோடு முறையான பில் கேளுங்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பார், விடாதீர்கள். பெட்டிகளைப் பரணில் வைத்திருந்தால் எடுத்துப் போங்கள், நம்பர் எல்லாம் அதிலேயே இருக்கும். புது எஸ்எம்பிஎஸ் வேறு கடையில், பில்லோடு. மாட்டும்போது பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் ஒன்றுகூட உள்ளே மிச்சம் இருக்கக் கூடாது. மாட்டிய பிறகு ஒரு மணி நேர வீடியோவை ரெண்டர் போட்டு, மகனைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அணைந்தால், அணையும் நேரத்தில் திரையில் என்ன இருந்தது என்று எழுதி அனுப்புங்கள்.