ஆமைக்கு மண் கொடுங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் சிவப்புக்காது ஆமைக்கு எட்டு வயது. தனியாகத்தான் வளர்கிறது, ஆண் ஆமையைப் பார்த்ததே இல்லை. ஒரு வாரமாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. இரவெல்லாம் கண்ணாடியைப் பிறாண்டுகிறது, பின்னங்காலால் கூழாங்கல்லைத் தள்ளுகிறது. முட்டை வைத்திருக்குமா? நாங்கள் பதினோராவது மாடியில் இருக்கிறோம். (செந்தூல் வாசகி)

பதில்: இருக்க நிறைய வாய்ப்பு உண்டும்மா. சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுகிறதல்லவா, அப்படித்தான் இதுவும். அந்த முட்டை பொரியாது, அவ்வளவே. முதலில் பெண்தானா என்று பாருங்கள். ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளம், வாலும் தடித்து நீண்டிருக்கும். பெண்ணுக்கு நகமும் வாலும் சிறியவை, உடம்பு பெரியது. ஓடு 15 சென்டிமீட்டரைத் தாண்டிய பெண் என்றால் முட்டையிடும் பருவம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் தீர எக்ஸ்ரே எடுக்கலாம். ஓடு கட்டிய முட்டைகள் அதில் வட்ட வட்டமாகத் தெளிவாகத் தெரியும். வயிற்றை அமுக்கிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் இன்றே செய்ய வேண்டியது மண் பெட்டி. தண்ணீரிலேயே வாழ்ந்தாலும் ஆமை முட்டையிடத் தரைக்குத்தான் வரும். உங்கள் ஆமை கண்ணாடியைப் பிறாண்டுவது தரையைத் தேடித்தான். மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும். நாள் போகப் போக முட்டை ஓடு தடித்து, பிறகு நினைத்தாலும் வெளியே வராமல் போகலாம். என்னிடம் தாமதமாக வந்த ஆமைகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

துணிமணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி போதும். ஆமை தாராளமாகத் திரும்பும் அகலம் இருக்கட்டும். உரம் கலக்காத தோட்ட மண்ணும் மணலும் சம பாகமாகக் கலந்து, ஆமையின் ஓடு எவ்வளவு நீளமோ குறைந்தது அவ்வளவு ஆழத்துக்கு நிரப்புங்கள். ஈரம் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்த மண்ணில் குழி சரிந்து விழும், ஆமையும் பாதியில் விட்டுவிடும். காலையில் ஆமையை உள்ளே விட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைத் துணியால் மூடி, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் இடாது. பால்கனியில் வைப்பதென்றால் நிழலில் வையுங்கள். நம் ஊர் மதிய வெயிலில் பிளாஸ்டிக் பெட்டி அடுப்பாகிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தோண்டவில்லையா, தண்ணீரில் விட்டு மறுநாள் மறுபடி முயலுங்கள். சுறுசுறுப்பாக இருக்கும்வரை ஒரு வாரப் பட்டினிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமியார் சொல்கிறார். இப்போது தொட்டித் தண்ணீரிலேயே நான்கு முட்டை போட்டுவிட்டது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை வேறு. (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: அந்தப் பழமொழியில் வருவது ஆமை அல்ல, ஆம்பி, அதாவது ஈரச் சுவரில் பூக்கும் காளான் என்று சொல்பவர்களும் உண்டு. மாமியாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் குழந்தையைப் பற்றிய கவலை நியாயமானது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். குழந்தைகளுக்கு அது தொற்றியதால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்க 1975இல் தடை போட்டார்கள். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை பார்க்கட்டும், தொட வேண்டாம்.

தண்ணீரில் விழுந்த முட்டைகளை எடுத்து எறிந்துவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். உடைந்த முட்டை தண்ணீரைக் கெடுத்துவிடும். உள்ளே இன்னும் இருக்கலாம், ஆகவே மேலே சொன்ன மண் பெட்டியை வைத்துவிடுங்கள்.

கேள்வி: பூச்சட்டியில் ஒன்பது முட்டை. ஆண் ஆமையைக் கொடுத்து இரண்டு வருடமாகிறது. குஞ்சு வருமா? வந்தால் ஆயர் ஈத்தாம் கெக் லோக் சீ கோயில் குளத்தில் விடலாமா? (ஜோர்ஜ்டவுன் வாசகர்)

பதில்: வரலாம். பெண் ஆமை ஆணின் விந்தணுவை வருடக்கணக்கில் உடம்பில் சேமித்து வைக்கும். முட்டையை எடுப்பதானால் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதை அப்படியே வைத்துப் பென்சிலால் அடையாளமிட்டு எடுங்கள். இட்ட ஒரு நாளுக்குப் பிறகு புரட்டினால் கரு செத்துவிடலாம். ஈர வெர்மிகுலைட்டில் (செடிக் கடையில் கிடைக்கும், ஈரம் தாங்கும் கனிமத் துகள்) பாதி புதைத்து 28 முதல் 30 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் பொரியும். ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது சூடுதான்: குளிர்ச்சியில் ஆண், வெப்பத்தில் பெண்.

ஆனால் என்னைக் கேட்டால் பொரிக்க வேண்டாம். இவை முப்பது வருடம்கூட வாழும். ஒன்பதையும் யார் வளர்ப்பது? கோயில் குளத்தில் ஏற்கெனவே நெரிசல். ஏரியிலோ ஆற்றிலோ விடுவது அதைவிட மோசம். சிவப்புக்காது ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. வந்த இடத்தில் நாட்டு ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. முட்டையை இன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுவதுதான் நேர்மையான வழி. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: போன வாரம் இரண்டு முட்டை இட்டது. மூன்று நாளாக முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடியே கிடக்கிறது. பின்பக்கம் சிவப்பாக ஏதோ தெரிகிறது. (செராஸ் வாசகர்)

பதில்: இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இப்போதே கொண்டுபோங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்கும் உண்டு, போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெளியே வந்திருக்கும் சதை காயாமல் ஈரத்துணியால் சுற்றுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். முட்டையைப் பிதுக்கி எடுக்கவே கூடாது. உள்ளே உடைந்தால் மஞ்சள் கரு வயிற்றுக்குள் பரவிச் சீழ் பிடிக்கும். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, வழி அடைபடவில்லை என்றால் கால்சியமும், முட்டையை வெளியே தள்ள வைக்கும் ஆக்சிடோசின் ஊசியும் போடுவார். ஆமைகளுக்கு அந்த ஊசி நன்றாகவே வேலை செய்யும். முட்டை பெரிதாகவோ கோணலாகவோ இருந்தால் அறுவை சிகிச்சைதான்.

கேள்வி: பாலேக் பூலாவ் சாலையில் கண்டெடுத்த ஆமை. தொட்டால் அடி ஓட்டைக் கதவு போல மூடிக்கொள்கிறது. நேற்று ஒரே ஒரு நீள முட்டை இட்டது. மீதி சிக்கிக்கொண்டதா?

பதில்: பயப்படாதீர்கள். அது கூரா-கூரா காத்துப் எனும் பெட்டி ஆமை, நம் மலேசிய நாட்டு ஆமை. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பெரிய முட்டைதான் இடும். ஆனால் அது வளர்ப்புப் பிராணி அல்ல, 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை அழைத்து ஒப்படையுங்கள். அடுத்த முறை சாலையில் கண்டால், அது போய்க்கொண்டிருந்த பக்கமாகவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு முட்டை நல்லபடியாக இட்டுவிட்டது. இனி என்ன கொடுக்க வேண்டும்? (கெப்போங் வாசகி)

பதில்: நல்ல செய்தி! ஓடு கட்டக் கொடுத்த கால்சியத்தை உடம்பு திரும்பக் கேட்கும். பறவைக் கடையில் விற்கும் கணவாய் ஓட்டைத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், அதுவே கடித்துத் தின்னும். முள்ளோடு சின்ன மீன், சாவி எனும் கடுகுக் கீரை கொடுக்கலாம். கால்சியம் உடம்பில் சேர வெயிலில் உள்ள யூவிபி எனும் புற ஊதா ஒளி வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது இருக்காது. வெளியே காலை இளவெயில், ஒதுங்க நிழல், இரண்டும் இருந்தால் போதும். மண் பெட்டியை மட்டும் இப்போதே காலி செய்துவிடாதீர்கள். சில வாரத்தில் இன்னொரு ஈடு வரலாம்.