திரும்பு வளையமும் இருபதாம் எண் கட்டடமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களின் மாதிரி ரயில் மன்றம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பழைய உறுப்பினர்கள், மன்றம் இருந்த இருபதாம் எண் மரக் கட்டடத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? இன்னொன்று. நண்பர்கள் சேர்ந்து எச்.ஓ. அளவில் (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு), டி.சி. எனப்படும் நேர்மின்சாரத்தில் தடம் போட்டிருக்கிறோம். வண்டி வளையத்தைச் சுற்றி அதே தடத்துக்குத் திரும்பினால் ஷார்ட் ஆகிறது. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டால், அதனுள் தொட்டு இணையும் முனைகள் கருகுகின்றன.

ஒரு மாணவர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இருபதாம் எண் கட்டடம் 1943இல் ரேடார் ஆய்வுக்காக அவசரமாக எழுப்பியது. போர் முடிந்ததும் இடித்திருக்க வேண்டும். 1998 வரை நின்றது. தற்காலிகக் கட்டடம்தானே என்று சுவரைத் துளைக்கவும் கம்பி இழுக்கவும் யாரும் தயங்கவில்லை. அந்தச் சுதந்திரத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். மன்றத்தில் சிலர் மேசைமேல் மலையும் ஊரும் செய்தார்கள். 'சிக்னல்ஸ் அண்ட் பவர்' என்ற மின்சுற்றுக் குழுவினர் மேசைக்கு அடியிலேயே கிடந்தார்கள், நன்கொடையாக வந்த தொலைபேசி ரிலேக்களைக் கோத்தபடி. எனக்குப் பிடித்தவர்கள் இவர்கள்தாம்.

முதலில் ஷார்ட்டைப் பார்ப்போம். வளையம் சுற்றி வரும் இடது தண்டவாளம் முதன்மைத் தடத்தின் வலது தண்டவாளத்தில் போய் முட்டுகிறது. ஆகவே வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, பிளாஸ்டிக் இணைப்பான் போடுங்கள். வெட்டுகளுக்கு இடையிலுள்ள நீளம் உங்கள் மிக நீண்ட வண்டியைவிடக் கூடுதலாக இருக்கட்டும். இல்லையேல் கடைசிப் பெட்டியின் உலோகச் சக்கரம் ஒரு வெட்டிலும் எஞ்சின் மறு வெட்டிலும் பாலம் போட்டுவிடும்.

வளையத்தில் எந்தத் தண்டவாளம் நேர், எது எதிர் என்பது மாறாமல் இருக்கட்டும். இரட்டைத் துருவ ரிலேயை (இரு கம்பிகளை ஒருசேர மாற்றுவது) குறுக்காக இணைத்து, முதன்மைத் தடத்தில் மட்டும் நேரையும் எதிரையும் இடம் மாற்றுங்கள். முழு வண்டியும் வளையத்துக்குள் வந்த பிறகே மாற்ற வேண்டும். அப்போது முதன்மைத் தடத்தில் மின்னோட்டமே இராது, பொறியும் இராது. நீங்கள் எஞ்சின் வெளியே ஓடும்போதே மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் புதிய மின்னழுத்தத்தோடு கூடி, மின்னோட்டம் எகிறும்; முனைகள் கருகுவது அதனால்தான். ரிலே சுருளில் தலைகீழாகப் போடும் டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) சுருளை இயக்கும் சுவிட்சைத்தான் காக்கும், முனைகளைக் காக்காது.

கருகிய முனையில் உப்புத்தாள் வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். கெட்டியான வெள்ளைத்தாள் துண்டை நடுவில் வைத்து, முனைகளை மெல்ல மூடி உருவுங்கள்.