பழைய காரில் ஏபிஎஸ் கோளாறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பன்னிரண்டு வருடப் பழைய கார் ஒன்றை வாங்கினேன். ஒரு மாதமாக மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிகிறது. பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா ஐயா? (நாகப்பட்டினம்)

பதில்: ஏபிஎஸ் என்பது அழுத்தி பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு. காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் பார்க்காமல் அப்படிச் சொல்லியிருந்தால் மாற்றாதீர்கள். பம்பு, வால்வுகள், கணினி மூன்றும் சேர்ந்த அந்த யூனிட்தான் இதில் விலை உயர்ந்த பாகம். அது கெடுவதும் உண்டு. ஆனால் பழைய வண்டிகளில் அதற்கு முன்பே கெடுவது சக்கரத்தருகே இருக்கும் வேகச் சென்சார், அதன் வயர், வயரை இணைக்கும் கப்ளர் ஆகியவைதான். சேறும் தண்ணீரும் பிரேக் சூடும் படுகிற இடம் அது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முன்சக்கர வயர் மடங்கி நிமிர்கிறது. வெளியே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். கடலோர ஊர்களில் கப்ளர் பின்கள் பச்சை பூத்துப்போவது சகஜம். வண்டி வெகுநாள் நின்றிருந்தால் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலிவு விலை ரீடர்கள் பல, இன்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் பகுதியையும் படிக்கிற ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போங்கள். ‘சி0035’ போன்ற குறியீடு வந்தால், இடது முன்சக்கர வேகச் சென்சாரின் சுற்றில் பிழை என்று பொருள். சென்சார்தான் கெட்டது என்று அது சொல்லவில்லை. வயராகவும் இருக்கலாம், கப்ளராகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் புதுச் சென்சார் வாங்கிப் போட்டு, விளக்கு மறுபடி எரிவதைப் பார்த்து நொந்துபோகிறவர்கள் ஏராளம்.

ஒருவர் வண்டியை 20, 30 கி.மீ. வேகத்தில் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பார்க்க வேண்டும். நேர்ச்சாலையில் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எது தடுமாறுகிறதோ, எது பூஜ்யத்துக்கு விழுகிறதோ அந்தச் சக்கரத்தில் வேலையைத் தொடங்குங்கள். பழைய வகைக் காந்தச் சுருள் சென்சார் என்றால் மல்டிமீட்டரில் பெரும்பாலும் ஆயிரம் ஓமை ஒட்டிக் காட்டும். இடதையும் வலதையும் ஒப்பிட்டால் போதும். மின்சாரம் பெற்று இயங்கும் பிற்கால வகையை ஓம் அளந்து சோதிக்கக் கூடாது.

கேள்வி: சிக்னலில் மெதுவாக வந்து நிற்கப்போகும் கடைசி நொடியில் பிரேக் மிதி கடகடவென்று அதிர்கிறது. வண்டி ஓர் அடி தள்ளித்தான் நிற்கிறது. விளக்கு எதுவும் எரிவதில்லை. (சேலம்)

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். தேவையில்லாத நேரத்தில் ஏபிஎஸ் வேலை செய்கிறது. சக்கரத்தோடு சுழலும் பல் வளையம் ஒன்று உண்டு. அதன் பற்கள் கடப்பதை வைத்துத்தான் சென்சார் வேகத்தைக் கணிக்கிறது. காந்தச் சுருள் சென்சாரில் வேகம் குறையக் குறையச் சமிக்ஞையும் மெலியும். வளையம் விரிசல் விட்டிருந்தாலோ, சென்சார் உட்காரும் இடத்தில் துரு கட்டி அதை மேலே தூக்கியிருந்தாலோ, 10 கி.மீ. வேகத்தை ஒட்டி அந்தச் சமிக்ஞை அறுந்துபோகிறது. சக்கரம் பூட்டிக்கொண்டது என்று நினைத்து, கணினி பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. இதைச் சென்சார் கோளாறாகக் கணினி எடுத்துக்கொள்ளாததால் விளக்கும் எரியாமல் போகலாம்.

சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் முனையில் உள்ள வளையத்தைக் கையால் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். விரிசல் மயிரிழையாகத்தான் இருக்கும், டார்ச் வேண்டும். சென்சாரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைத் துரு போகச் சுத்தம் செய்யுங்கள். துருப்பிடித்துச் சிக்கிக்கொண்ட சென்சாரை நெம்பினால் உடையும். துரு இளக்கும் எண்ணெய் அடித்துச் சற்றுப் பொறுத்திருந்து, மெல்லத் திருப்பி எடுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இதே தொல்லை வரும் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பின்சக்கர பேரிங் மாற்றிய அன்றே ஏபிஎஸ் விளக்கு எரியத் தொடங்கியது. பேரிங் புதியதுதானே? (கரூர்)

பதில்: புதியதுதான், திருப்பி அடித்திருக்கக்கூடும். பல கார்களில் பல் வளையத்துக்குப் பதிலாக பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்தப் பட்டை பதித்திருக்கும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். கண்ணுக்கு இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். மேலே ஓர் இரும்புத் துகளோ சிறு பின்னோ ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். காந்தப் பட்டையே இல்லாத பேரிங்கைப் போட்டுவிடுவதும் நடக்கிறது. அழுத்தி ஏற்றிய பேரிங்கைக் கழற்றினால் பெரும்பாலும் அது மறுபடி உதவாது. அந்தச் செலவைப் பொருத்தியவர் ஏற்பதுதான் நியாயம், கேளுங்கள்.

கேள்வி: மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தே எரிகின்றன. சென்னை வரை ஓட்டி வரலாமா? (விழுப்புரம்)

பதில்: கூடாது. மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் மட்டும் இருக்காது. சிவப்பும் சேர்ந்தால் பிரேக் ஆயில் இறங்கியிருக்கலாம். முன் பின் பிரேக் விசையைப் பகிரும் ஏற்பாடும் நின்றிருக்கலாம். அந்த நிலையில் அவசரமாக மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டி, வண்டி சுழலக்கூடும். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, ஆயில் அளவு சரியா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றாலும் காரை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது.

கேள்வி: மாஸ்டர் சிலிண்டர் மாற்றியபின் பிரேக் மிதி பஞ்சாக இறங்குகிறது. பிரேக் குழாய்களில் புகுந்த காற்றைப் பலமுறை எடுத்தும் பயனில்லை. (திருநெல்வேலி)

பதில்: ஏபிஎஸ் யூனிட்டின் உள்ளே காற்று தங்கியிருக்கலாம். சும்மா இருக்கும்போது உள்ளே சில வழிகள் மூடியே இருப்பதால், மிதித்து மிதித்து எடுக்கும் முறையில் அந்தக் காற்று வராது. ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுத்து, பம்பையும் வால்வுகளையும் இயக்கியபடி காற்று எடுக்க வேண்டும். பிரேக் ஆயிலை, அதன் தொட்டி மூடியில் எழுதியிருக்கும் தரத்திலேயே ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4 வகைகள் காற்றின் ஈரத்தை இழுப்பவை. வெகுநாள் திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள். சிலிக்கான் வகையான டாட் 5 இதற்கு ஆகவே ஆகாது.

கேள்வி: 2014ஆம் ஆண்டுக் கார் ஒன்றை விலை பேசுகிறேன். ‘ஏபிஎஸ் உண்டு, விளக்கு எரிந்ததே இல்லை’ என்கிறார் விற்பவர். எப்படி உறுதி செய்வது? (மதுரை)

பதில்: இந்தியாவில் புதிதாக விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் உயர் ரகங்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே முதலில் இது எந்த ரகம் என்று பாருங்கள். பிறகு இன்ஜினை இயக்காமல் சாவியை ஆன் செய்யுங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த ரகத்தில் ஏபிஎஸ் கிடையாது, அல்லது கோளாறை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள். ‘எரிந்ததே இல்லை’ என்ற பேச்சு எனக்கு உறுத்துகிறது. மழை ஓய்ந்த காலிச் சாலையில், பின்னால் யாரும் வராதபோது, 30 கி.மீ. வேகத்தில் அழுத்தி மிதித்துப் பாருங்கள். மிதி காலுக்கடியில் துடித்து, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்டால் ஏபிஎஸ் வேலை செய்கிறது. அதன்பின் ஸ்கேன் செய்யக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.