பைக் சாவியைத் தொட்டாலே கை நடுங்குகிறது

விபத்துக்கும் பெரிய நோய்க்கும் பிறகு வரும் மனப்பாதிப்புகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு மனநல மருத்துவக் குழுவின் பதில்கள்.

கேள்வி: பைபாஸில் லாரி மோதி என் கணவருக்குக் கால் முறிந்தது. மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஹாரன் கேட்டாலே தூக்கிவாரிப் போடுகிறது, தூக்கத்தில் அலறுகிறார். அந்த ரோடு வேண்டாமென்று ஆறு கிலோமீட்டர் சுற்றி டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். அத்தை மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருக்கிறார். ‘ஆம்பளைக்கு இவ்வளவு பயமா’ என்று பேசுகிறார்கள்.
– வாசகி, நாமக்கல்

பதில்: விபத்து நடந்த முதல் சில வாரங்களில் கெட்ட கனவும் படபடப்பும் பலருக்கும் வரும், பெரும்பாலும் தானாகவே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்து, வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் அது பி.டி.எஸ்.டி. எனப்படும், பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்த நோயாக இருக்கலாம். கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நோயை வளர்ப்பது அந்த ஆறு கிலோமீட்டர்தான். சுற்றிப் போகும் ஒவ்வொரு நாளும் ‘அப்பாடா’ என்றிருக்கும். ‘சுற்றிப் போனதால்தான் பிழைத்தேன்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. நேர் ரோட்டில் போனாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

எலும்பு மருத்துவர் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, ஒரு நோட்டில் அவர் பயப்படுவதையெல்லாம் எழுதி, நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று மதிப்பெண் போடச் சொல்லுங்கள். உதாரணமாக, நிறுத்தி வைத்த பைக்கில் உட்கார்வது 30, தெருவுக்குள் ஓட்டுவது 45, பகலில் அந்த இடத்துக்கு நடந்துபோய் ஓரமாக நிற்பது 60, பின்சீட்டில் உட்கார்ந்து அந்த இடத்தைக் கடப்பது 75, தனியாக ஓட்டிக் கடப்பது 95. முப்பதில் தொடங்குங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம், பயம் ஏறக்குறைய பாதியாகும் வரை அங்கேயே இருக்க வேண்டும். தினமும் அதையே செய்து, சலித்துப்போன பிறகுதான் அடுத்த படி. முந்தைய படியில் பயம் இறங்காமல் வண்டியை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான். பயம் உச்சத்துக்கு ஏறும்போது ‘இன்னைக்கு இது போதும்’ என்று திரும்பிவிடுவார்கள். அது தப்பி ஓடிய கணக்கில்தான் சேரும். பயத்தை மறக்கப் போனில் பேசிக்கொண்டே அங்கே நிற்பதும் அப்படித்தான். தாயத்து கையில் இருக்கட்டும். அது இல்லாமல் வண்டியைத் தொட மாட்டேன் என்றால் அதுவும் ஒரு சுற்றுவழியே. ஹெல்மெட் வேறு கதை, அதைக் கழற்றவே கூடாது.

விபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, பதிவுசெய்து கேட்கவைக்கும் பயிற்சியும் உண்டு. அதை நீங்களாக வீட்டில் முயல வேண்டாம். பயிற்சி பெற்ற உளவியலாளர் செய்ய வேண்டியது. ஒன்றரை மணி நேரம் வீதம், பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள். விபத்தில் தலையில் அடிபட்டிருந்து தலைவலி, மறதி, எரிச்சல் இருந்தால் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘செத்திருக்கலாம்’ என்று பேசினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: விபத்துக்குப் பிறகு தூக்கத்துக்காக அல்பிரசோலம் போடுகிறேன். ஐந்து மாதம் ஆகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம். மருத்துவர் பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார். இந்த மாத்திரை பி.டி.எஸ்.டி.யைக் குணமாக்குவதில்லை, பழக்கமாகிவிடும். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைத் தருவார்கள். வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 50 ஆக்குவார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வயிற்றுப் பிரட்டல் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும்! அதனால்தான் பலர் பத்தே நாளில் ‘இது ஒத்துக்கலை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அம்மா பன்னிரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியும், நர்ஸ்கள் கையைக் கட்டிக் கொல்லப் பார்த்ததாகச் சொல்கிறார். மனநோயா?
– வாசகி, காரைக்குடி

பதில்: குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று ஐ.சி.யூ.வில் சில சமயம் கையைக் கட்டுவார்கள். மயக்க மருந்து, காய்ச்சல், இரவு பகல் தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்த குழப்பத்தில், மூளை அதற்கு ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். அந்த நினைவு பிறகும் நிஜம்போலவே நிற்கும். ‘அப்படி ஒண்ணும் நடக்கலை’ என்று வாதாடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில் குழாய் போட்டார்கள், எப்போது எடுத்தார்கள், நீங்கள் எந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தீர்கள் என்று நாள்வாரியாக எழுதிக் கொடுங்கள். சில நாடுகளில் நர்ஸ்களும் குடும்பத்தினரும் நோயாளிக்காக ஐ.சி.யூ.விலேயே இப்படி டைரி எழுதி வைக்கிறார்கள். ஆனால் இப்போது புதிதாக நாள், இடம் தெரியாமல் உளறினால் அது பழைய நினைவல்ல. தொற்றோ ரத்தத்தில் உப்புக் குறைவோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் மனநல மருத்துவர் இல்லை. யாரிடம் கேட்பது?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். நேரில் காட்ட, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பழைய சீட்டுகளையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.