ஸ்கூட் போடுகிறவர்

மதிப்பிற்குரிய அண்ணாச்சி,

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்துக்காரன், இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை. இரவுகளில் இணையத்தில் 2 பென்ஸ், 5 பென்ஸ் மேசைகளில் போக்கர் ஆடுகிறேன். சென்ற வாரம் என் கையில் ஏஸும் ராணியும் இருந்தன. எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் சீட்டுகளிலும் ஓர் ஏஸ் விழுந்தது. நான் கட்டக் கட்ட, எதிராளி சத்தமில்லாமல் ‘கால்’ மட்டும் செய்துகொண்டு, அதாவது நான் கட்டியதற்குச் சமமாகப் போட்டுக்கொண்டு வந்தான். ஐந்தாவது சீட்டில் மூன்றாவது ஆட்டின் விழுந்ததும், நடுவே 2 பவுண்டு கிடக்க, திடீரென்று அவனே 2 பவுண்டு கட்டினான். சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டால், பொய்யாகக் கட்டி என்னை ஏமாற்றிவிட்டானோ என்று இரவெல்லாம் உறுத்தும் என்பதால் கால் செய்தேன். அவனிடம் ஃபிளஷ் இருந்தது, ஐந்தும் ஆட்டின். நான் செய்தது சரியா? என்னிடமே நாலு ஆட்டின் சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருந்தால் என்ன செய்வது? சூது வேண்டாம் என்னும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்ல?

கே., லீட்ஸ்

அன்புள்ள தம்பி,

அம்மாவுக்கான பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரமாட்டேன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டதால், ஊரில் இருந்திருந்தால் உங்களுக்கு இந்தச் சிக்கலே வந்திராது. நாலு ஆட்டின் கேள்விக்கு ஒரு வரி போதும்: கடைசிச் சீட்டு மட்டும் பாக்கி இருக்கையில் நீங்கள் பார்க்காத 46 சீட்டுகளில் 9தான் ஆட்டின், ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று, நடுவே கிடப்பதற்குச் சமமாக அவன் கட்டினால் உங்களுக்கு மூன்றில் ஒரு வாய்ப்பாவது தேவை, ஆகவே விழுந்தபின் அவனிடமிருந்து இன்னும் கறக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் கவிழ்த்துவிடுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே ‘இரவெல்லாம் உறுத்தும்’ என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அண்மையில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டில், சீட்டைக் கவிழ்த்த பையனைச் சுற்றியிருந்தவர்கள் ‘பயந்தாங்கொள்ளி’ என்று கேலி செய்ததையும், அடுத்த ஆட்டத்தில் அவன் ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு ரோஷத்துக்காகவே கடைசிவரை உட்கார்ந்திருந்ததையும் பார்த்ததிலிருந்து இதுவே மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பெரியப்பா பாபநாசம் மில்லில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு திண்ணையில் 201 ரம்மி ஆடுவார்கள். அவர்கள் கணக்கில், முதலிலேயே ஸ்கூட் போட்டால், அதாவது சீட்டைக் கவிழ்த்து விலகினால், 20 புள்ளி ஏறும், நடுவில் போட்டால் 40, கடைசிவரை இருந்து தோற்று ஃபுல் கொடுத்தால் 80. 201ஐத் தொட்டவர் வெளியே. பெரியப்பா பதின்மூன்று சீட்டையும் ஒருமுறை விரித்துப் பார்ப்பார், ஜோக்கரும் இல்லை, ரம்மிக்கு வழியும் இல்லை என்றால் முகம் மாறாமல் ஸ்கூட் போடுவார். போட்ட கையோடு தம் சீட்டுகளைக் கட்டுக்குள் சொருகிக் கலந்துவிடுவார். அடுத்து என்ன வந்திருக்கும் என்று மற்றவர்களும் பார்க்க முடியாது, அவரும் பார்க்கமாட்டார். “எடுத்திருந்தா சேந்திருக்கும்லா அண்ணாச்சி” என்று யாராவது ஆரம்பித்தால், “பத்து ஸ்கூட்டுக்கும் எரநூறுதாம்ல, நான் இன்னும் ஆட்டத்துலதான் இருப்பேன், நீ மூணு ஃபுல்லு குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்ப” என்பார். கணக்கு துல்லியமானது. கேலி செய்தவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஃபுல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பெரியப்பாவுக்கு ஒவ்வொரு ஸ்கூட்டுக்கும் 20 போயிற்று. உங்கள் ஆட்டத்திலோ, பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் தொகை, போடும் முறை உங்களுடையதாக இல்லாதபோது முதலிலேயே கவிழ்த்தால் ஒரு பென்ஸ்கூடப் போகாது. கடைசிச் சீட்டிலும், ஏற்கெனவே நடுவே போட்டது உங்களுடையதாக இல்லாமல் போய்விட்டது. கேள்வியெல்லாம் இனிப் போடப்போகும் 2 பவுண்டைப் பற்றியதுதான். 4 பவுண்டைப் பெற 2 பவுண்டு போடுகிறீர்கள், ஆகவே இப்படிப்பட்ட மூன்று சந்தர்ப்பங்களில் ஒன்றிலாவது அவன் உங்களிடம் தோற்கும் கையோடு கட்டியிருக்க வேண்டும். முதலிலிருந்து வாயே திறக்காமல் வந்தவன், மூன்றாவது ஆட்டின் விழுந்த கணத்தில் முழுத்தொகையைக் கட்டுகிறான் என்றால், 2 பென்ஸ் மேசையில் அவன் அப்பட்டமாக உண்மையைத்தான் சொல்கிறான். அந்த மேசைகளுக்கு வருகிறவர்கள் சீட்டைப் பார்க்க ஆசைப்பட்டுக் கால் செய்கிறவர்கள். பொய்யாகப் பெருந்தொகை கட்டத் துணிகிறவர்கள் குறைவு. இதை அறியாதவர் நீங்கள் என்று நான் நம்பவில்லை, கடிதத்திலேயே ‘சத்தமில்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே. தெரிந்தே 2 பவுண்டு கொடுத்து அவன் சீட்டைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். தொகை சின்னது என்று சொல்லாதீர்கள். உங்கள் மேசையில் அது பெரிய பிளைண்டான 5 பென்ஸைப் போல் நாற்பது மடங்கு. அவன் உங்களை ஏமாற்றியிருந்தால்தான் என்ன? லீட்ஸில் இருக்கும் ஒருவரை யாரோ முகம் தெரியாதவன் ஒரு கையில் ஏமாற்றியது எந்த ஊர்ச்சாவடியில் பேசப்படப் போகிறது?

இனிமேல் கடைசிச் சீட்டில் எவனாவது அப்படிக் கட்டினால், கால் செய்வதற்கு முன் ஒரு தாளில், உங்களிடம் தோற்கக்கூடிய எந்தெந்தக் கைகளோடு அவன் இப்படிக் கட்டுவான் என்று எழுதுங்கள். இரண்டு கைகூட எழுத வரவில்லை என்றால் கவிழ்த்துவிட்டு, அவன் என்ன வைத்திருந்தான் என்று அரட்டைப் பெட்டியில் கேட்காமல் அடுத்த கைக்குப் போங்கள். மாதக் கடைசியில் அந்தத் தாள்களை எனக்கு அனுப்பிவையுங்கள். ஜெயித்த கணக்கு எனக்கு வேண்டாம்.