காலைல மட்டும் வர்ற வயித்து வலி

முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. வீட்டுல பீடி சுத்துறவங்க, வீட்டுக்காரர் சவுதியில.

"எட்டாம் கிளாஸ் படிக்கான் எம் மவன். காலாண்டு லீவு முடிஞ்சதுல இருந்து காலைல யூனிபார்ம எடுத்தாலே வயித்து வலிங்கான், சில நாள் வாந்தியும் எடுக்கான். ஞாயித்துக்கிழமைன்னா ஒண்ணும் கிடையாது. ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாவ. கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டியாச்சு. கொழுந்தன் 'நடிக்கான் மதினி, ரெண்டு போடு போடு'ங்கான். தெரபிஸ்ட்ட கூட்டிட்டுப் போனா என்ன செய்வாவ? மாத்திர குடுத்துருவாவளோ?"

அக்கா, அவன் நடிக்கல. மொதல்ல இத உங்க கொழுந்தன்கிட்ட சொல்லிருங்க. பயம் வந்தா உடம்பு ஓடுறதுக்குத் தயாராகும், ரத்தம் கை காலுக்குப் போயிரும், ஜீரண வேலை பாதில நிக்கும், அதுலதான் வயிறு பிடிக்கும், குமட்டும். பரீட்சைக்குப் போகும்போது நமக்கு வயிறு கலக்குமே அதே சங்கதிதான், அவனுக்கு தினமும் நடக்கு. ஞாயித்துக்கிழமை வலி இல்லங்கிறது அவன் பொய் சொல்லுதான்கிறதுக்கு சாட்சி இல்ல, பயம் எங்க இருக்குன்னு காட்டுற அடையாளம். ஆனா ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்புற வலி, எடை குறையுறது, மலத்துல ரத்தம், விட்டு விட்டுக் காய்ச்சல் இதுல எதாவது இருந்தா ஸ்கேன் நார்மல்னு விட்றாதீங்க, பிள்ளைங்க டாக்டர மறுபடியும் பாருங்க.

இப்ப தெரபிஸ்ட்டுங்க நாங்க என்ன செய்வோம்னு சொல்லுதேன். மொத நாள் "ஏம்ல ஸ்கூலுக்குப் போமாட்டேங்க"ன்னு கேக்கவே மாட்டேன். கேட்டா "தெரியல"ம்பான், நெறைய பிள்ளைங்களுக்கு நெசமாவே தெரியாது. ஒரு பேப்பர் குடுத்து வீட்டுல இருந்து ஸ்கூல் வரைக்கும் வழிய வரையச் சொல்லுவேன், பஸ் ஸ்டாப், கேட்டு, பிரேயர் கிரவுண்டு, கிளாஸ், பாத்ரூம் எல்லாம். எங்கெங்க வயிறு இறுகுதோ அங்க சிவப்பு அடிக்கச் சொன்னா போதும். கணக்கு பீரியட்ல அடிப்பான்னு நாம நெனச்சிட்டு இருப்போம், அவன் பாத்ரூம்ல அடிப்பான், இல்ல பஸ்ஸோட பின் சீட்டுல அடிப்பான். அங்க யாரு இருக்கான்னு மெதுவா கேட்டுக்கிட்டே போனா கதை வரும், அதுக்கு ஒரு நாளும் ஆகலாம், நாலு தடவை வர வேண்டியும் இருக்கலாம்.

அவன் சொல்லுறதெல்லாம் உங்ககிட்ட நான் ஒப்பிக்க மாட்டேன். இது நெறைய அம்மாமாருக்கு வருத்தமா இருக்கும், ஆனா அந்த நம்பிக்கை இல்லன்னா பிள்ளை வாய் திறக்காது. அவன் உயிருக்கு ஆபத்து, வேற யாருக்காவது ஆபத்து, யாராவது அவன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாங்க, இந்த மூணுலயும் மட்டும் மறைக்க மாட்டேன்னு அவன்கிட்டயே முன்னாடியே சொல்லிருவேன். கடைசியா சொன்னத, பிள்ளைங்கள பாலியல் கொடுமைல இருந்து காக்குற போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிச்சே ஆகணும்.

நம்ம திருநெல்வேலி ஜில்லாவுல இன்னொன்னு கண்டிப்பா கேக்கணும், சாதி. எந்த சாதின்னு காட்டுறதுக்கு கையில கலர் கயிறு, சாதி சொல்லிக் கூப்பிடுறது, டீ வாங்கிட்டு வான்னு விரட்டுறது. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில வீடு புகுந்து வெட்டுனாங்களே ஒரு மாணவன, அதுக்கு முன்னாடி அவனும் கொஞ்ச நாள் ஸ்கூலுக்குப் போகாமதான் இருந்தான். அத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு ஆறல. போகமாட்டேங்கான்னா அடிச்சு அனுப்புறதுக்கு முன்னாடி அங்க என்ன நடக்குன்னு தெரிஞ்சாகணும். அப்படி ஏதாவது இருந்தா மாற வேண்டியது உங்க மவன் இல்ல, ஸ்கூல். ஹெச்எம்கிட்ட எழுத்துல குடுங்க, பிள்ளைங்களுக்கான உதவி போன் 1098க்கும் கூப்பிடலாம்.

அப்படி ஒண்ணும் இல்ல, வெறும் பயம்தான்னு தெரிஞ்சா ரொம்ப நாள் வீட்டுல வச்சிருக்கவும் கூடாது. ஒவ்வொரு நாள் தப்பிக்கும்போதும் அப்பாடான்னு இருக்கும்ல, அந்த அப்பாடாதான் மறுநாள் பயத்துக்குத் தீனி. அதனால கொஞ்சங் கொஞ்சமா போவோம். மொத ரெண்டு நாள் யூனிபார்ம் போட்டு கேட்டு வரைக்கும் போயிட்டு வரட்டும், அப்புறம் அவனுக்குப் பிடிச்ச சார் பீரியட் மட்டும், அப்புறம் மத்தியானம் வரைக்கும். வலிச்சா மூச்ச மெதுவா விடப் பழக்குவோம், கிளாஸ் டீச்சர்கிட்ட பேசி பத்து நிமிஷம் வெளிய உக்காந்துட்டு வர அனுமதி வாங்குவோம்.

வீட்டுல நீங்க செய்ய வேண்டியது, "வலிக்குன்னு தெரியுது மக்கா, வா கேட்டு வரைக்கும் போயிட்டு வருவோம்"னு சொல்லுங்க, அவ்வளவுதான், அதுக்கு மேல விசாரணை வேண்டாம். ஸ்கூல் நேரத்துல வீட்டுல இருந்தா போன், டிவி கிடையாது. அவன் வயசுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாம தூக்கம் வேணும். அவங்க அப்பா வீடியோ கால்ல வரும்போது படிப்பப் பத்தி ஒரு வாரத்துக்குப் பேசாம இருக்கச் சொல்லுங்க, கிரிக்கெட் பேசட்டும்.

மாத்திர பயம் வேண்டாம், நாங்க மாத்திர எழுதுறவங்க இல்ல, தேவைன்னா சைக்கியாட்ரிஸ்ட் பாத்துதான் குடுப்பாங்க, இந்த மாதிரி பயத்துக்கு பெரும்பாலும் பேச்சுதான் மொத வைத்தியம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. வர முடியலன்னா 14416, அரசாங்கத்தோட டெலிமானஸ் மனநல உதவி போன், எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். "செத்துரலாம் போல இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் விளையாட்டா எடுக்காம அன்னைக்கே கூட்டிட்டு வாங்க, பூச்சி மருந்து, மாத்திர எல்லாத்தையும் வீட்டுல இருந்து அப்புறப்படுத்திருங்க.

கோயில் கயிறு கையிலயே இருக்கட்டும், அத அவுக்க வேண்டாம்.