வண்டி பழுதாகி நடுவழியில் இ-வே பில் காலாவதியானால்

இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்ல ஜிஎஸ்டி-யில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) காலாவதியானதால் புது இன்வாய்ஸ் போட்டு வேறு பில் எடுக்கலாம் என்று உங்கள் மேலாளர் சொல்வதாகக் கேட்டிருந்தீர்கள். புது இன்வாய்ஸ் போடாதீர்கள். பழைய இ-வே பில்லையே நீட்டியுங்கள். நேற்று நள்ளிரவு 12-க்கு முடிந்தது என்கிறீர்கள். காலாவதிக்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரம் அவகாசம் உண்டு. ஆக, இன்று காலை 8 மணி வரை இ-வே பில் இணையதளம் நீட்டிப்பை ஏற்கும்.

மாற்று லாரி எண்ணைப் பார்ட்-பி-யில் (பில்லில் வண்டி விவரம் பதியும் பகுதி) ஏற்றியதுமே கெடுவும் நீண்டுவிட்டதாக நினைத்திருப்பீர்கள். பலரும் வழுக்கும் இடம் இதுதான். வண்டி எண் மாறும், கெடு மாறாது. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். முதல் நாள் பார்ட்-பி பதிந்த மறுநாள் நள்ளிரவில்தான் முடியும்.

1. பில்லில் டிரான்ஸ்போர்ட்டர் ஐடி (சரக்கை ஏற்றிச் செல்பவரின் அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீட்டிப்பை அந்த டிரான்ஸ்போர்ட்டர்தான் செய்ய முடியும், நீங்கள் முயன்றால் நடக்காது.
2. வண்டி இப்போது நிற்கும் இடத்தின் பின்கோடு, மீதி தூரம், காரணம் மூன்றையும் உள்ளபடியே கொடுங்கள்.
3. மெக்கானிக் பில், சுங்கச்சாவடி ரசீது, தேதி தெரியும் படங்கள் ஓட்டுநர் கையில் இருக்கட்டும்.

மேலாளர் சொல்லும் வழியில் ஒரே சரக்கு ஜிஎஸ்டிஆர்-1-இல் (விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி படிவம்) இரண்டு விற்பனையாக ஏறும். ஓட்டுநரிடம் இரண்டு பில்லும் சிக்கினால் பழுது என்ற உண்மைக் காரணமும் எடுபடாது. "நீட்டிப்பே போதும்" என்று மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

8 மணி தாண்டிவிட்டால் வண்டியை நகர்த்தாமல் ஆடிட்டரிடம் பேசுங்கள். ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 129-இன் கீழ் வண்டியைப் பிடித்தால், வரி உள்ள சரக்குக்கு, உரிமையாளரே முன்வந்தாலும் அபராதம் வரியின் 200 சதவீதம்.